போலி வைரஸ் எச்சரிக்கை: எதை அழுத்துவது, எதை மூடுவது, எதை நிறுவுவது?

கடந்த ஆண்டு ஒரு மாலையில் என் பெரியம்மா பதற்றத்துடன் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துருச்சாம். அணைக்காதீங்கன்னு அதுவே பேசுது. நடுவுல ஒரு நம்பர் இருக்கு, கூப்பிடட்டுமா?” என்று கேட்டார். அவர் குரலுக்குப் பின்னால், பதிவுசெய்யப்பட்ட ஒரு பெண்குரல் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. திரை முழுவதும் நீலம், மேலே சிவப்புப் பட்டை, நடுவில் ஒரு தொலைபேசி எண். மவுஸை எவ்வளவு நகர்த்தினாலும் அம்புக்குறி கண்ணில் படவில்லை என்றார். அந்த எண்ணை ஒரு பழைய உறையின் பின்புறத்தில் எழுதியே வைத்துவிட்டார். அந்த நேரத்தில் அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: திரையில் தெரியும் ‘மூடு’ பொத்தானை அழுத்துவது, அந்த எண்ணை அழைப்பது, கணினியை அணைத்துவிடுவது. இவற்றுள் ஆபத்தில்லாத வழி ஒன்றுதான். எதைச் செய்யவே கூடாது என்று அந்தத் திரை எச்சரித்ததோ, அதுவே அந்த வழி.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், திரையில் இருப்பது என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அது ஓர் இணையப் பக்கம் மட்டுமே. உலாவிகள் ஒவ்வோர் இணையப் பக்கத்தையும் ஒரு வேலிக்குள் அடைத்தே இயக்குகின்றன. அந்த வேலியைத் தாண்டி உங்கள் கோப்புகளைப் படிக்கவோ, வட்டைச் சோதிக்கவோ, வைரஸ்களை எண்ணவோ சாதாரணப் பக்கத்தால் முடியாது. பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓடும் சதவீதக் கணக்கு, எவருடைய கணினியில் திறந்தாலும் அதே வேகத்தில் ஓடும் ஓர் அசைபடம். விண்டோஸின் கோப்புறைப் பெயர்களை ஓர் ஆண்ட்ராய்டு திறன்பேசியின் திரையில் வைரஸ் இருக்கும் இடமாகக் காட்டிய பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். “எங்கள் ஊர்ப் பெயரும் இணையச் சேவை நிறுவனத்தின் பெயரும் அதில் வருகின்றனவே” என்று பலர் கலங்குகிறார்கள். நீங்கள் திறக்கும் எந்தப் பக்கத்துக்கும் உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண், தெரியும். அதை வைத்து ஏறத்தாழ எந்த ஊர், எந்தச் சேவை நிறுவனம் என்று கணிக்க முடியும். எந்த இயங்குதளம், எந்த உலாவி என்பதை உலாவியே சொல்லிவிடுகிறது. பக்கத்துக்குத் தெரிந்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்தத் தந்திரம் புதியதும் அல்ல. வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் போலி ஸ்கேன் காட்டிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் மென்பொருள் விற்றதாக, அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் ஒரு கும்பல்மீது வழக்குத் தொடுத்தது. அவர்கள், தளங்களுக்கு விளம்பரங்களை வழங்கும் வலையமைப்புகளையே ஏமாற்றினார்கள்: வலையமைப்பின் ஊழியர் பார்க்கும்போது ஒழுங்கான விளம்பரம் தெரியும், வாசகர் பார்க்கும்போது போலி ஸ்கேன் எழும். 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழின் தளத்திலேயே இத்தகைய விளம்பரம் புகுந்துவிட்டது. போலி விண்டோஸ் எச்சரிக்கைகளைக் காட்டிப் பழுதுநீக்கச் சேவை விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ரெஸ்டோரோ, ரீஇமேஜ் நிறுவனங்கள் 2.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது 2024 மார்ச்சில். ஆகவே, “நான் கண்ட கண்ட தளங்களுக்குப் போனதில்லையே” என்று எவரும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. நல்ல தளத்தின் விளம்பர இடத்திலிருந்தும் இது வரலாம்.

முதல் ஒப்பீடு, எச்சரிக்கை கண்ணெதிரே நிற்கும் அந்த நிமிடத்தில் எதைச் செய்வது என்பது. பக்கத்துக்குள் இருக்கும் ‘மூடு’, ‘ரத்துசெய்’, ‘பெருக்கல் குறி’ ஆகிய பொத்தான்களை நான் முதலிலேயே விலக்கிவிடுகிறேன். பக்கத்தின் பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அதை எழுதியவனுக்குச் சொந்தம். அங்கே வரையப்பட்ட பெருக்கல் குறி எதைச் செய்ய வேண்டும் என்பதை அவனே தீர்மானிக்கிறான். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பயனர் ஒருமுறையாவது சொடுக்காமல் ஒரு பக்கம் தானாக முழுத்திரைக்குப் போக இன்றைய உலாவிகள் விடுவதில்லை. ஒலியெழுப்புவதற்கும் திறன்பேசியை அதிரவைப்பதற்கும்கூடக் குரோம் பெரும்பாலும் அதே நிபந்தனையை விதிக்கிறது. பெரியம்மாவின் திரை முதலில் ஒரு சிறு பெட்டியாகத்தான் வந்திருக்கிறது. அதை மூடுவதற்காக அவர் சொடுக்கிய பிறகே முழுத்திரையும், குரலும், அம்புக்குறி மறைவும் சேர்ந்து வந்தன. அவர் கொடுத்த அந்த ஒரு சொடுக்கைத்தான் பக்கம் அனுமதியாக எடுத்துக்கொண்டது.

எண்ணை அழைப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. மறுமுனையில் பேசுபவர் பொறுமையாகவும் மரியாதையாகவும் பேசுவார். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, முறையான வேலைகளுக்கும் பயன்படும், தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க இடம்கொடுக்கும் தொலைநிலை மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்வார். பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து அதிலுள்ள சிவப்புப் பிழைக்குறிகளைக் காட்டி, “பாருங்கள், எத்தனை தொற்று” என்பார். நன்றாக இயங்கும் கணினியிலும் அந்தப் பதிவேட்டில் பிழைக்குறிகள் நிறைந்தேயிருக்கும். தன் பிழைச்செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. எண் இருந்தாலே போலி என்று முடிவுசெய்ய இது போதும். அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பெற்ற புகார்களின்படி, இத்தகைய போலித் தொழில்நுட்ப உதவி மோசடியில் மக்கள் இழந்த தொகை 2023ஆம் ஆண்டில் மட்டும் 92 கோடி டாலரைத் தாண்டியது. முதியவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு இதில் கரைவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

‘பின்செல்’ பொத்தானால் பயனில்லை. பக்கம் தன்னையே உலாவியின் வரலாற்றுப் பட்டியலில் பலமுறை எழுதிவைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் பின்னால் போகப் போக அதே இடத்துக்கு வரலாம்.

டேப்பை மட்டும் மூடுவது பெரும்பாலான நேரங்களில் போதும். முழுத்திரையாக இருந்தால் எஸ்கேப் விசையை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருமுறை தட்டிவிட்டுப் போனால் பக்கம் அதை விழுங்கிவிடக்கூடும். அழுத்திப் பிடித்தால் உலாவியே தலையிட்டு முழுத்திரையிலிருந்து வெளியேறுகிறது. டேப் வரிசை தெரிந்தவுடன் அங்கிருந்தோ, கன்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தியோ மூடலாம். “இந்தத் தளத்தைவிட்டு வெளியேறவா?” என்று உலாவியே ஒரு பெட்டியைக் காட்டினால் வெளியேறு என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் உலாவியையே இயங்குதளத்தின் வழியாக நிறுத்துவது அடுத்த வழி. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். இங்கே பக்கத்தின் அதிகாரம் செல்லாது என்பதே இவ்வழியின் பலம். வேறு டேப்பில் பாதி நிரப்பிய படிவம் போய்விடும் என்பது இழப்பு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மீண்டும் திறக்கும்போது “முந்தைய பக்கங்களை மீட்டெடுக்கவா?” என்று உலாவி அக்கறையுடன் கேட்கும், ஒப்புக்கொண்டால் அதே சிவப்புப் பட்டை மீண்டும் வந்து நிற்கும். மேக்கின் சஃபாரியில் ஷிப்டை அழுத்திக்கொண்டே திறந்தால் பழைய சாளரங்கள் வராது. திறன்பேசியில் செயலியைத் தள்ளி மூடினாலும் டேப் அப்படியே காத்திருக்கும் என்பதால், விமானப் பயன்முறையை இயக்கிவிட்டு உலாவியைத் திறப்பது நல்லது. இணையம் இல்லாத நிலையில் பக்கத்தால் தன்னை மீண்டும் ஏற்றிக்கொள்ள முடியாது. அந்த அமைதியில் டேப் பட்டியலுக்குப் போய் மூடிவிடலாம்.

கணினியை அணைப்பது நாகரிகமற்ற வழி என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் முகம்சுளிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிற மென்பொருள்களில் சேமிக்காத வேலை போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று விசைகளைத் தொலைபேசியில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எதிரில் இருப்பவர் அந்த எண்ணை அழைத்துவிடக்கூடும் என்றால், பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வதே மேல். பெரியம்மாவிடம் முதலில் எஸ்கேப்பைப் பிடிக்கச் சொன்னேன். “மேல கோடு வந்துருச்சு” என்றார். உலாவிக்கே சொந்தமான அந்தக் கோட்டின் வலது ஓரத்தில் இருந்த பெருக்கல் குறியோடு அன்றைய கலவரம் முடிந்தது. அது நடக்கவில்லையென்றால் பவர் பொத்தானைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது ஒப்பீடுதான் கடினமானது. பெரும்பாலானோர் தவறுவதும் அங்கேதான். மூடிய பிறகு என்ன செய்வது என்பதற்கு ஒரே விடை கிடையாது. எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரே ஒருமுறை, ஏதோ ஒரு தளத்தில் உலவும்போது வந்து, மூடியபின் திரும்பவில்லையென்றால் அது விளம்பரத்தின் வழி வந்தது; நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. திரையின் மூலையில் சிறு பெட்டிகளாக, தொடர்பில்லாத வேலை செய்துகொண்டிருக்கும்போதும் வந்துகொண்டேயிருந்தால், அது பெரும்பாலும் ஒரு தளத்துக்கு நீங்கள் கொடுத்த அறிவிப்பு அனுமதி. உலாவியை முழுமையாக மூடிய பிறகும், அல்லது திறன்பேசியின் முகப்புத் திரையிலேயே விளம்பரம் எழுந்தால், நிறுவப்பட்ட மென்பொருளோ செயலியோ காரணமாக இருக்கலாம்.

இவற்றுள் நடுவிலிருப்பதையே மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெரியம்மாவுக்கும் மூன்று நாள் கழித்து அதுவே நேர்ந்தது. வலது கீழ் மூலையில் “5 வைரஸ்கள் கண்டறியப்பட்டன” என்று ஒரு பெட்டி, பக்கத்தில் பூட்டுச் சின்னம். உற்றுப் பார்த்தால், அதன் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் உலாவியின் பெயரும், எந்த அர்த்தமும் இல்லாத ஒரு தள முகவரியும் இருந்தன. “நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய ‘அனுமதி’ என்பதை அழுத்துங்கள்” என்று ஏதோ ஒரு பக்கம் கேட்டிருக்கிறது, அவர் அழுத்தியிருக்கிறார். கெட்ட கோப்பு எதுவும் கணினியில் இல்லாததால் ஆன்டிவைரஸ் எத்தனை முறை சோதித்தாலும் எதையும் கண்டுபிடிக்காது. அது ஓர் அனுமதி. அதைத் திரும்பப் பெறுவதுதான் மருந்து. உலாவியின் அமைப்புகளில் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும்.

அங்கே இரண்டு வழிகள்: அந்த ஒரு தளத்தை மட்டும் நீக்குவது, அல்லது எந்தத் தளமும் அனுமதியே கேட்கக் கூடாது என்று மொத்தமாகத் தடுப்பது. மின்னஞ்சலையும் அலுவலக உரையாடலையும் உலாவியிலேயே வைத்திருப்பவருக்கு முதலாவது பொருந்தும். மற்றவர்களுக்கு இரண்டாவதையே நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பயர்பாக்ஸ் 2020 ஜனவரியிலேயே, பயனர் ஏதாவது சொடுக்காமல் அனுமதிப் பெட்டியைக் காட்டத் தளங்களுக்கு இடமில்லை என்று ஆக்கியது. குரோமும் அதற்கு அடுத்த மாதமே ஓசையற்ற கோரிக்கை முறையைக் கொண்டுவந்தது. உலாவி தயாரிப்பவர்களையே இவ்வளவு தொல்லைப்படுத்திய ஒரு வசதியை நம் வீட்டு முதியவர்களின் கணினியில் திறந்துவைக்கக் காரணமில்லை. ஐபோனில் இதே தொல்லை நாள்காட்டி வழியாகவும் வரும். அறியாமல் சேர்த்த நாள்காட்டிச் சந்தா ஒன்று ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று நிகழ்வுகளை நிரப்பும். ஒவ்வொரு நிகழ்வாக நீக்காமல் சந்தாவையே நீக்க வேண்டும்.

மூன்றாவது வகையில் உலாவியின் நீட்டிப்புகளில் (உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறு மென்பொருள்கள்) அறியாதவற்றை நீக்கிவிட்டு, உலாவியை மீட்டமைப்பது முதல் படி; புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் போய்விடாது. ஆண்ட்ராய்டில் பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்கினால் நாம் நிறுவிய செயலிகள் இயங்காது. அப்போது விளம்பரம் நின்றுவிட்டால், அண்மையில் நிறுவியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவும் கடைசி வழியை, எண்ணை அழைத்துத் தொலைநிலை மென்பொருளுக்கு இடம்கொடுத்துவிட்டவர்களுக்கே சொல்வேன். அவர்களும் முதலில் இணையத்தைத் துண்டித்து, அந்த மென்பொருளை நீக்கி, வங்கிக்குத் தகவல் சொல்லி, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அதன்பிறகுதான் அழிப்பதும் நிறுவுவதும். பயத்தில் முதலில் கணினியைத் துடைத்துவிட்டு வங்கியை மறுநாள் அழைத்தால், அந்த ஒரு நாளில் பணம் போய்விடும்.

இனி, மீண்டும் வராமல் தடுக்கும் வழிகள். உலாவியின் உள்ளமைந்த பாதுகாப்பு எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. செலவும் உழைப்பும் இல்லை. ஆனால் கூகுளின் பாதுகாப்பான உலாவல் போன்றவை அடிப்படையில் கெட்ட தளங்களின் பட்டியலைச் சார்ந்தவை. கெட்ட தளம் ஒன்று சராசரியாகப் பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே உயிரோடு இருப்பதாகக் கூகுள் 2025இல் கூறியது; பட்டியலில் ஏறுவதற்குள் தளம் இடம்மாறிவிடுகிறது. அதனால்தான் இப்போது பக்கத்தின் நடத்தையைப் பார்த்துக் கணிக்கும் முறைகள் வருகின்றன. 2025 தொடக்கத்தில் முன்னோட்டமாக வந்த, மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியின் தடுப்பான், சந்தேகம் வந்தால் முழுத்திரையிலிருந்து வெளியேற்றி, ஒலியை நிறுத்தி, பக்கத்தின் சிறு உருவத்தைக் காட்டி, “தொடரவா?” என்று கேட்கிறது. பயமுறுத்தலின் கருவிகளான திரையையும் ஒலியையும் பறித்துவிடுவதால் இந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குரோமின் மேம்பட்ட பாதுகாப்பை இயக்கினால் இதுபோன்ற கணிப்பு அதிலும் கிடைக்கும். ஆனால் நீங்கள் பார்க்கும் பக்கங்களைப் பற்றிய தகவல் கூகுளுக்குக் கூடுதலாகப் போகும். அதை ஏற்பதா இல்லையா என்பது அவரவர் முடிவு.

விளம்பரத் தடுப்பான் நோயின் வாசலையே அடைக்கிறது. தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்டிப்பைப் பயன்படுத்துமாறு 2022 டிசம்பரில் எஃப்பிஐயே பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் பயர்பாக்ஸில் முழு வலிமையுடன் இயங்குகிறது. குரோமின் புதிய நீட்டிப்பு விதிகளுக்குப் பிறகு அங்கே அதன் எளிய வடிவமான லைட் மட்டுமே எஞ்சியிருக்கிறது. எளிய வடிவமும் வேண்டிய அளவு உதவும். சில தளங்கள் சரியாகத் திறக்காது என்பதும், விளம்பரத்தை நம்பி எழுதுபவர்களின் வருமானம் குறையும் என்பதும் இதன் குறைகள். நான் மதிக்கும் தளங்களுக்கு விலக்கு அளித்து வைத்திருக்கிறேன். நிறுவும்போது பெயரைச் சரிபார்த்துக்கொள்வது மிக முக்கியம். 2017இல் ஆட்பிளாக் பிளஸ் என்ற பெயரைத் திருடிய போலி நீட்டிப்பு குரோமின் அதிகாரபூர்வக் கடையிலேயே இடம்பிடித்து, 37,000 பேருக்கு மேல் அதை நிறுவிவிட்டார்கள்.

தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்; அந்த இடத்திலேயே வேண்டாத தளங்களை மறிக்கும் டிஎன்எஸ் வடிகட்டி ஒருமுறை அமைத்தால் உலாவி மட்டுமல்லாமல் எல்லாச் செயலிகளுக்கும் காவல் நிற்கும். குவாட்9 சேவையின் 9.9.9.9 முகவரியும், கிளவுட்ஃபிளேரின் 1.1.1.2 முகவரியும் கெட்ட தளங்களைத் தடுக்கின்றன, விளம்பரங்களை அல்ல; ஆட்கார்டின் சேவை விளம்பரங்களையும் சேர்த்துத் தடுக்கிறது. புத்தம்புதிதாகப் பிறந்த தளம் இதிலும் தப்பிவிடலாம் என்பதால் தனியாக இது போதாது. வைஃபை ரவுட்டரில் அமைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பலன் கிடைக்கும்.

ஆன்டிவைரஸ் வாங்குவதை நான் கடைசியில் வைக்கிறேன். விண்டோஸில் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. இந்தத் தொல்லைக்காக மட்டும் பணம் கொடுத்து வேறொன்றை வாங்குவதில் பயனில்லை. மேலும், புகழ்பெற்ற ஆன்டிவைரஸின் சின்னத்துடன் “உங்கள் சந்தா முடிந்துவிட்டது” என்று வருவதும் போலி எச்சரிக்கைகளில் ஒரு வகை. உங்களிடம் அந்த மென்பொருள் உண்மையிலேயே இருந்தால், செய்தியைச் சொடுக்காமல் ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்து பாருங்கள். சந்தா முடிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பெரியம்மாவின் மடிக்கணினியில் கடைசியில் நான் செய்தவை இரண்டே. அறிவிப்புக் கோரிக்கைகளை மொத்தமாகத் தடுத்தேன். பயர்பாக்ஸை நிறுவி அதில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்தேன். அவருடைய திறன்பேசியில் குரோமே இருக்கட்டும் என்றார், பழகிவிட்டதாம். ஆண்ட்ராய்டில் குரோம் நீட்டிப்புகளை ஏற்காது. அதனால் அங்கே ஆண்ட்ராய்டு 9 முதல் கிடைக்கும் தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பில் ஆட்கார்டை இட்டுக் கொடுத்திருக்கிறேன். எண் எழுதிய அந்த உறையைத் திருப்பி, வெற்றாக இருந்த பக்கத்தில், “எஸ்கேப்பை அழுத்திப் பிடி, போகாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடி” என்று பெரிய எழுத்தில் எழுதி, மடிக்கணினியின் விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே வைத்துவிட்டு வந்தேன்.